எட்டடிப் பலகையில் நீலகிரி மலை ரயில்: எங்கிருந்து தொடங்குவது?

ஏழு_பத்து_வண்டி (கோவை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. அஞ்சு வருஷமா இங்கே வாசகனா மட்டும்தான் இருந்தேன். இப்பத்தான் மாடியில எனக்குன்னு ஒரு அறை கிடைச்சிருக்கு, 11 அடிக்கு 10 அடி. அதுல நீலகிரி மலை ரயிலை மாடலாக் கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை.

சின்ன வயசுல ஒவ்வொரு மே மாச லீவுக்கும் அருவங்காட்டுல இருந்த மாமா வீட்டுக்குப் போவோம். மேட்டுப்பாளையத்துல காலையில 7.10 வண்டி. பஸ்ஸுல போனா பாதி நேரத்துல போயிரலாம்னு அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் ரயிலுக்குத்தான் டிக்கெட் எடுப்பார். கல்லாறு தாண்டினதும் எஞ்சினோட பல்சக்கரம் பாதை நடுவுல இருக்கிற பல்தண்டவாளத்தைப் பிடிக்கிற அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குங்க.

என் திட்டம் இதுதான்: 8 அடிக்கு 4 அடி பிளைவுட். ஒரு மூலையில மேட்டுப்பாளையம், அப்புறம் பவானி ஆத்துப் பாலம், கல்லாறு, ரெண்டு மூணு குகை, ஹில்குரோவ், குன்னூர், கேத்தி பள்ளத்தாக்கு, உச்சியில ஊட்டி. பாதையைச் சுத்திச் சுத்தி மேலே ஏத்திக்கிட்டுப் போறதா பேப்பர்ல வரைஞ்சிருக்கேன், படம் கீழே. எந்த அளவுல கட்டுறது, 12-க்கு 1 ஏற்றத்தை (12 அடி போனா 1 அடி ஏறுற சரிவு) மாடல் எஞ்சின் ஏறுமா, இந்தப் பாதையோட எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சினுக்கு எங்கே போறது, இந்த மூணுலயும் வழி சொல்லுங்க.

பெரம்பூர்_பிராட்கேஜ் (சென்னை)

வாங்க வாங்க. நல்ல விஷயத்தைக் கையில எடுத்திருக்கீங்க. ஆனா பலகை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். மாடல்ல எச்.ஓ. அளவுன்னா 1:87, நிஜத்தை 87-ல ஒரு பங்காச் சுருக்கறது. வகுத்தா 529 மீட்டர் வருது. உயரம்? மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். வித்தியாசத்தை 87-ஆல வகுத்தா 21 மீட்டருக்கு மேல. ஏழு மாடிக் கட்டடம் அது. சின்ன அளவுக்குப் போனாலும், 1:160-லயே 287 மீட்டர் தண்டவாளம் வேணும். 208 வளைவு, 250 பாலம், 16 குகை இருக்கிற பாதையை எட்டடியில அடக்கினா பாலம் முடியறதுக்குள்ள குகை, குகை முடியறதுக்குள்ள ஸ்டேஷன்னு ஆயிடும்.

அடுத்தது தண்டவாள அகலம். எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. அதை 87-ஆல பெருக்கினா 1435 மி.மீ., அதாவது ஐரோப்பாவோட ஸ்டாண்டர்ட் கேஜ். நம்ம பிராட்கேஜ் 1676. என் லேஅவுட்டுல (நான் கட்டின மாடல் ரயில் அமைப்பு) டீசல் எஞ்சினை நேர் முன்னாடி இருந்து பார்த்தா சக்கரம் உள்ளே ஒடுங்கினாப்ல தெரியும். அதே தண்டவாளத்துல 1:100 அளவுல பெட்டி கட்டினா கிட்டத்தட்டச் சரியா வரும். இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள 12 பெட்டி கட்டி முடிச்சிட்டேன்.

உங்களுது மீட்டர்கேஜ். 1000 மி.மீ.யை 87-ஆல வகுத்தா 11.5. அதுக்கு 12 மி.மீ. தண்டவாளம் தனியாவே இருக்கு. இன்னொரு வழி, இங்கே சுலபமாக் கிடைக்கிற 16.5 மி.மீ. தண்டவாளத்தையே வச்சுக்கிட்டு பெட்டி, எஞ்சின் எல்லாத்தையும் 1:64-ல கட்டறது. அப்போ பாதை 1056 மி.மீ.க்குச் சமம், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நியூசிலாந்துக்காரங்க தங்களோட 1067 மி.மீ. பாதையை இப்படித்தான் பண்றாங்க. பெட்டி பெருசா இருக்கும், கை வேலை சுலபம். இடம்தான் கூட வேணும்.

பொன்மலை_ஃபிட்டர் (திருச்சி)

தம்பி, நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலே 31 வருஷம் வேலை பார்த்தவன். மலை ரயில் எஞ்சின் பிஓஎச்சுக்கு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்துப் பழுது பார்க்க, எங்களிடம்தான் வரும். எக்ஸ் கிளாஸைப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

அது சாதாரண எஞ்சின் இல்லை. பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே உள்ளது உயர் அழுத்தம், ஓடுகிற சக்கரத்தைத் தள்ளும். அதில் வேலை முடிந்த நீராவி மேலே உள்ள தாழ் அழுத்த சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். பல்தண்டவாளம் இல்லாத இடத்திலே மேல் சிலிண்டர் சும்மா இருக்கும். மாடல் செய்கிறவர்கள் பல பேர் ஒற்றை சிலிண்டர் வைத்து விடுகிறார்கள். அப்படி வைத்தால் அது எக்ஸ் கிளாஸே இல்லை.

இரண்டாவது, மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலே நின்று தள்ளும். முன்னாலே இருந்து இழுக்காது. எந்தப் பெட்டி கழன்றாலும் கீழே ஓடிப் போகாமல் எஞ்சின் தாங்க வேண்டும், அதற்காகத்தான். ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டியில் நிற்கிறவர்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறவர். டிரைவருக்கு முன்னால் பாதை தெரியவே தெரியாது. இந்தக் கொடிதான் அவருக்குக் கண்.

நீங்கள் வரைந்திருக்கிற படத்திலே எஞ்சின் முன்னால் இருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள்.

ஏழு_பத்து_வண்டி

ஐயா, ரொம்ப நன்றிங்க. அத்தனை தடவை அந்த வண்டியில போயும் எஞ்சினை முன்னாடி வரைஞ்சிருக்கேன்னு இப்பத்தான் உறைக்குது.

529 மீட்டர்னு கேட்டதுல இருந்து ராத்திரி தூக்கம் வரலை. அப்போ எதை விடுறது? பவானிப் பாலத்தை விட மனசு வரலை. கேத்தியை விட்டா அது எப்படி ஊட்டி ரயில் ஆகும்?

ஆல்ப்ஸ்_கோச்சி (சூரிச்)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப 20 வருசமா சூரிச்சிலை இருக்கிறன். உங்கட எக்ஸ் கிளாஸ் எஞ்சின் பிறந்த வின்டர்தூர் எனக்கு ரயிலிலை அரை மணித்தியாலமும் இல்லை. 1871இலை தொடங்கின எஸ்.எல்.எம். எண்ட தொழிற்சாலைதான் அதைச் செய்தது. ஊட்டிக்கு நான் ஒருக்காத்தான் வந்தனான். குன்னூரிலை எஞ்சின்ரை தகட்டிலை வின்டர்தூர் எண்டு எழுதியிருந்ததைப் பாத்திட்டு எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

எதை விடுறது எண்டு கேட்டியள். இஞ்சை லுட்சேர்ன் போக்குவரத்து அருங்காட்சியகத்திலை ஆல்ப்ஸ் மலையைக் கடக்கிற கொட்ஹார்ட் ரயில் பாதையின்ரை பெரிய மாடல் ஒண்டு இருக்கு, 1:87தான். அவ்வளவு பெரிய அருங்காட்சியகம், வேணுமெண்டா முழுப் பாதையையும் சுருக்கி வச்சிருக்கலாம் தானே. வைக்கேல்லை. வாசன் எண்ட ஊரைச் சுத்தி ரயில் வளைஞ்சு வளைஞ்சு ஏறுற வடக்குச் சரிவை மட்டும் எடுத்தவை. அந்த ஊர்த் தேவாலயம் ரயிலிலை போகேக்கை மூண்டு தரம், மூண்டு உயரத்திலை தெரியும். அதை மாடலிலை பாக்கேக்கை கொட்ஹார்ட் முழுக்கப் போய் வந்த மாதிரி இருக்கும்.

அதாலை என்ரை எண்ணம், நீங்கள் ஒரே ஒரு இடத்தை எடுங்கோ. ஒரு ஸ்ரேசன் போதும். ரயில் எங்கையோ கீழையிருந்து வரவேணும், நிண்டு மூச்சு வாங்கவேணும், எங்கையோ மேலை போய் மறையவேணும். அந்த "எங்கையோ" பாக்கிறவையின்ரை மனசிலை இருக்கட்டும்.

12 மி.மீ. தண்டவாளம் பற்றி: இஞ்சத்தை மலையளிலை ஓடுற ரேட்டியன் ரயில்வே மீட்டர்கேஜ் எண்டபடியால் இஞ்சை எல்லாக் கடையிலும் கிடைக்கும். பெமோ எண்ட ஜேர்மன் கொம்பனி அதுக்கெண்டே பேர் போனது. ஆனா விலை கூட. பிரிட்டனிலை பீகோவும் 12 மி.மீ. வளைக்கக்கூடிய தண்டவாளம் செய்யினம், அது கொஞ்சம் மலிவு. உங்களுக்கு எட்டு அடிதானே, நாலைஞ்சு துண்டு காணும்.

பெரம்பூர்_பிராட்கேஜ்

அக்கா சொல்றது அழகா இருக்கு, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். ஒரே ஒரு ஸ்டேஷன், ஒரே ஒரு ரயில், வந்து நின்னு போகுது. எத்தனை நாள் பார்ப்பீங்க? என் லேஅவுட்டுல வட்டப் பாதை இருக்கு. ஆபீஸ்ல இருந்து வந்ததும் ஸ்விட்சைப் போட்டுட்டு உட்கார்ந்தா வண்டி பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்கும். பக்கத்து வீட்டுப் பசங்க வந்தா அரை மணி நேரம் அசையாம நிக்கறாங்க. ஓடிக்கிட்டே இருக்கணும், அதுதான் ரயில். ஒரு கோட்டுப் பாதையில முட்டி முட்டித் திரும்பறது காட்சிப்பெட்டி மாதிரிதான்.

இன்னொண்ணு, புனே போனா கோத்ரூட்ல ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கு, 1998-ல திறந்தது. அவசியம் பாருங்க. ஒரு நகரமே ஓடும் அங்கே. அதைப் பார்த்துட்டு வந்துதான் நான் தொடங்கினேன்.

பொன்மலை_ஃபிட்டர்

பெரம்பூர் தம்பி சொல்வது பிராட்கேஜுக்குச் சரி. எக்ஸ்பிரஸ் வண்டி ஓடத்தான் வேண்டும். மலை ரயிலுக்கு வேகமே வேறு.

பல்தண்டவாளத்திலே வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் போகாது. 13 கிலோமீட்டரை வினாடிக்கு மாற்றி 87-ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு நாலு சென்டிமீட்டர் சொச்சம். எட்டடிப் பலகையை ஒரு வண்டி கடக்க முழுசாக ஒரு நிமிஷம் ஆகும். அரங்கத்தில் ஆள் நடந்து வருவதுபோல வரும். அந்த வண்டி வட்டத்தில் சுற்றினால் வேகத்தைக் கூட்டாமல் நம்மால் இருக்க முடியாது, கை தானாகத் திருகும். வேகம் கூடினால் அது மலை ரயில் இல்லை.

ஹில்குரோவிலே வண்டி நின்றால் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். குரங்கு வந்து பையைப் பிடுங்கும். கார்டு, டிரைவர், பிரேக்ஸ்மேன்கள் எல்லோரும் தயார் என்று கொடி ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதையெல்லாம் வீட்டிலே நேரம் பார்த்துச் செய்தால் பத்து நிமிஷம் போதாது.

ஏழு_பத்து_வண்டி

எட்டடிக்கு ஒரு நிமிஷம்! இதைப் படிச்சதும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே மேசை மேல விரலை நகர்த்திப் பார்த்தேனுங்க. அவ்வளவு மெதுவா நகரும்போது எட்டடி எவ்வளவு பெருசு!

முடிவு பண்ணிட்டேன். ஹில்குரோவ் மட்டும். 8 அடிக்கு 2 அடி பலகை, சுவத்தோரமா, நெஞ்சு உயரத்துல. ரெண்டு பக்கமும் பாதை பாறைக்குள்ள மறைஞ்சு, அந்தப் பக்கம் ஒரு மறைவுப் பலகையில வண்டி காத்திருக்கும். 12 மி.மீ. தண்டவாளம், 1:87.

இன்னொரு சந்தோஷம். மலைப்பாதையோட மிகக் கூர்மையான வளைவு 17.5 டிகிரி, அதாவது 100 மீட்டர் ஆரம். மாடல்ல 1.15 மீட்டர். 8-க்கு 4 பலகையில வட்டமாப் போட்டிருந்தா ஆரம் 60 சென்டிமீட்டர்கூட வந்திருக்காது. இப்ப ஒரு மீட்டர் நீளத்துக்கு 11 சென்டிமீட்டர்தான் வளைஞ்சா போதும், ரெண்டடி அகலத்துக்குள்ள நிஜ வளைவையே போட்டுடலாம். பெரம்பூர் அண்ணா, கோவிச்சுக்காதீங்க.

பெரம்பூர்_பிராட்கேஜ்

கோபமெல்லாம் இல்லைங்க. என் கருத்து அதேதான், ஆனா கட்டறது நீங்க. ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்க.

இவ்வளவு மெதுவா ஓட்டணும்னா தண்டவாளத்துல கரண்ட் எங்கேயும் விட்டுப் போகக் கூடாது. இணைப்புத் தகட்டை நம்பாதீங்க. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியில இருந்து தனித்தனியா ஒயர் பத்தவைங்க. வேகமா ஓடற வண்டி அழுக்கைத் தாண்டிப் போயிடும், மெதுவா போற வண்டி அங்கேயே நின்னுடும். பாயிண்ட்ல, அதாவது வண்டி தடம் மாறற இடத்துல, தண்டவாளம் குறுக்கே போற இடம் பிளாஸ்டிக்கா இருந்தா சின்ன எஞ்சின் அங்கே செத்துப் போகும். உலோகத்துல இருக்கறதா வாங்கி, பாயிண்ட் திரும்பும்போது கரண்டும் மாறற மாதிரி ஸ்விட்ச் வைங்க. வேகத்தைக் கூட்டிக் குறைக்க 12 வோல்ட் பல்ஸ் கண்ட்ரோலர் போதும்.

ரெண்டாவது, ஒவ்வொரு கட்டத்துலயும் படம் எடுத்து வைங்க. கலிஃபோர்னியா மான்டரேயில ஜான் ஆலன்னு ஒருத்தர் வீட்டோட அடித்தளம் முழுக்க ஒரு எச்.ஓ. மலைப்பாதை கட்டினார். அமெரிக்காவுல இந்தப் பொழுதுபோக்குக்கே அது ஒரு பாடம். 1973 ஜனவரியில அவர் இறந்தார். சில நாள்ல அந்த வீட்டுல தீ பிடிச்சு லேஅவுட்டே போயிடுச்சு. இன்னிக்கு நாம அதைப் பத்திப் பேசறோம்னா அவர் எடுத்து வச்ச படங்களாலதான்.

தைலமரம் (குன்னூர்)

இந்த இழையை இத்தனை நாள் பார்க்காமல் விட்டுவிட்டேனே! எனக்கு ரயில் அவ்வளவு தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித் தருகிறேன், மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். அதனால் காட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வேண்டுகோள், ஹில்குரோவுக்குத் தேயிலைத் தோட்டம் வைக்காதீர்கள். வெளியூரில் யார் நீலகிரி வரைந்தாலும் வரிவரியாகத் தேயிலைதான். அது குன்னூரை நெருங்கும்போது வருகிற காட்சி. ஹில்குரோவ் காடு. உயரமான மரங்கள், கொடிகள், ஈரம் வடிகிற கரும்பாறை, பாறை மேல் பாசி. வெட்டுப்பாறை எப்போதும் நனைந்தே இருக்கும். கறுப்பு வண்ணம் காய்ந்ததும் அதன்மேல் வார்னிஷைக் கோடுகோடாக இழுத்து விடுங்கள், தண்ணீர் கசிவதுபோலவே இருக்கும்.

கீழே உள்ள புதருக்கு வீட்டு டீத்தூள் சக்கைக்கு மிஞ்சிய பொருள் இல்லை. ஆனால் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். கொஞ்சம் பச்சை, கொஞ்சம் பழுப்பு என்று இரண்டு மூன்று நிறத்தில் பிரித்துச் சாயம் ஏற்றுங்கள், ஒரே பச்சையாக வேண்டாம். மரத்துக்குப் பழைய மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கி, கிளை பிரித்து, தேங்காய் நாரைப் பிய்த்து ஒட்டி, அதன்மேல் மரத்தூளைத் தூவலாம். எட்டடிக்கு எத்தனை மரம் வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதைப்போல மூன்று மடங்கு செய்யுங்கள். காடு என்றால் தண்டு தெரியக் கூடாது.

பின்னால் சுவரில் வரைகிற தூரத்து மலைக்குப் பச்சையே வேண்டாம். நீலமும் சாம்பலும் கலந்து, மேலே போகப் போக வெளுப்பாக. நீலகிரி என்ற பெயரே அந்த நிறத்தைச் சொல்கிறது.

ஏழு_பத்து_வண்டி

*(ஏழு வாரம் கழித்து)*

மன்னிக்கணுமுங்க, ரொம்ப நாளாப் பதில் போடலை. நடுவுல ரெண்டு தோல்வி, அதைச் சொல்ல மனசு வரலை. இப்பச் சொல்றேன், அடுத்தவங்களுக்கு உதவும்.

முதல் தடவை 6 மி.மீ. பிளைவுட்டை வெறுமனே போட்டு, அதுமேல மலைக்கு ஈரமான பாரிஸ் சாந்தைக் கொட்டிட்டேன். காலையில வந்து பார்த்தா பலகை நடுவுல ஒரு விரல் உயரம் வளைஞ்சு நிக்குது. போட்ட தண்டவாளம் அலை மாதிரி. எல்லாத்தையும் பிரிச்சேன். தெருமுனை ஆசாரி அண்ணன்தான் வழி சொன்னாரு: 12 மி.மீ. பலகை, அடியில ரெண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் கட்டையில ஏணி மாதிரிச் சட்டம், அடிப்பக்கமும் பெயிண்ட். இப்பப் பலகை மேல ஏறி நின்னாலும் அசையாது.

ரெண்டாவது, மலைக்குத் தெர்மாகோல் அடுக்கி ரப்பர் பசையில ஒட்டினேன். கண்ணு முன்னாடியே தெர்மாகோல் உருகிக் குழி விழுந்துடுச்சு. தண்ணியில கலக்கற ஃபெவிகாலைத் தவிர வேற எதுவும் அதுமேல படக் கூடாதுங்க, ஸ்ப்ரே பெயிண்ட் உட்பட.

அதுக்கப்புறம் நல்லாப் போகுது. ஸ்டேஷன் மட்டமா இருக்கு, ரெண்டு பக்கமும் ஏத்தம் 25-க்கு 1 வச்சிருக்கேன். நிஜ 12-க்கு 1 வைக்கலை. ஆனா பாதைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஓடையை எதிர்ப்பக்கமா இறங்கற மாதிரி செதுக்கினேன். அவ்வளவுதான், பாதை செங்குத்தா ஏர்ற மாதிரித் தெரியுது.

ஜல்லிக்குக் கிரஷர் தூளை ரவைச் சல்லடையில சலிச்சேன். நிஜ ஜல்லி 50 மி.மீ.ன்னா 87-ல வகுத்தா அரை மில்லிமீட்டர் சொச்சம், ரவை மாதிரியே. தூவி, பிரஷ்ஷால ஒதுக்கி, தண்ணியில ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுற சோப்பு கலந்து தெளிச்சு, அப்புறம் தண்ணி கலந்த ஃபெவிகாலைச் சிரிஞ்சுல சொட்டு சொட்டா விட்டேன். சோப்பு இல்லாம விட்டா பசை முத்து முத்தா உருண்டு ஜல்லியையே இழுத்துக்கிட்டுப் போயிடுது.

பல்தண்டவாளத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஒயர் கட்டுற பிளாஸ்டிக் கேபிள் டை இருக்கில்லீங்க, அதோட உள்பக்கம் பல்லு பல்லா இருக்கும். மெல்லிசான டையை பிளேடால நீளவாக்குல ரெண்டாக் கீறி, பல் மேலே பார்க்க, ரெண்டு கோடாப் பக்கத்துல பக்கத்துல ஒட்டினேன். ஒரு கோட்டுப் பல் இன்னொரு கோட்டு இடைவெளிக்கு நேரா வர்ற மாதிரி அரைப்பல் தள்ளி. நம்ம மலை ரயிலோட ஆப்ட் பல்தண்டவாள முறை அப்படித்தானே ஐயா? துரு நிறம் அடிச்சு, பல் நுனியில மட்டும் பென்சில் கரியைத் தேய்ச்சேன், வெள்ளி மாதிரி மின்னுது.

இப்பப் பிரச்சினை எஞ்சின். முப்பரிமாண அச்சுல எக்ஸ் கிளாஸ் உடம்பு மட்டும் செஞ்சு வாங்கிட்டேன். கீழே போட வாங்கின மோட்டார் சட்டம் ஏத்தத்துல மூணு பெட்டியைத் தள்ளினா சக்கரம் வழுக்குது, இல்லேன்னா வளைவுல நடுப்பெட்டி எகிறிக் கவிழுது.

பொன்மலை_ஃபிட்டர்

பல் அமைப்பு சரி தம்பி. இரண்டு வரிசைப் பல் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால்தான் ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும், ஆட்டம் இருக்காது. நிஜப் பல்லும் நுனியில் தேய்ந்து பளபளப்பாகத்தான் இருக்கும். பென்சில் கரி நல்ல யோசனை.

ஆல்ப்ஸ்_கோச்சி

தள்ளுறதை விடுங்கோ! எங்கட கிளப்பிலை செய்யிற வேலை ஒண்டு சொல்லுறன். எஞ்சினுக்குள்ளை மோட்டர் வைக்காதேங்கோ. எஞ்சின் சும்மா உருளட்டும். மோட்டரை முதல் பெட்டிக்குள்ளை ஒளிச்சு வையுங்கோ. உண்மையிலை முன்பெட்டி எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போகும், பாக்கிறவைக்குப் பின்னாலை எஞ்சின் தள்ளுற மாதிரித் தெரியும். இழுக்கேக்கை பெட்டி கவிழாது. கரண்டை எஞ்சின் சக்கரத்திலயும் எடுத்து மெல்லிய ஒயராலை முன்பெட்டிக்குக் கொண்டு போனியளெண்டா அழுக்கிலை நிக்கவும் நிக்காது.

பெரம்பூர்_பிராட்கேஜ்

அருமையான யோசனை அக்கா. மோட்டாருக்கு நான் வழி சொல்றேன். ரோபோ பொம்மைக்குப் போடற என்20 கியர் மோட்டார் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும். 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம், பெட்டிக்குள்ள படுத்துக்கும். பெட்டிச் சக்கரம் 8.3 மி.மீ. விட்டம்னு வச்சுக்கங்க. ஒரு சுத்துக்கு 26 மி.மீ. போகும். வினாடிக்கு 41 மி.மீ. வேணும்னா நிமிஷத்துக்கு 95 சுத்து. 12 வோல்ட், 100 ஆர்பிஎம் மோட்டார் வாங்கி, ஒண்ணுக்கு ஒண்ணு பெவல் கியர்ல அச்சைச் சுத்தினா முழு வோல்ட் கொடுத்தாலும் வண்டி 13 கிலோமீட்டர் வேகத்தைப் பெருசாத் தாண்டாது. ஃபிட்டர் ஐயா சொன்ன மாதிரி கை திருகினாலும் பிரச்சினை இல்லை. சக்கரம் வழுக்காம இருக்க அந்தப் பெட்டிக்குள்ள கொஞ்சம் ஈயம் வைங்க, ரொம்ப மேலே வேணாம், இருக்கை உயரத்துல.

தைலமரம்

பிரேக்ஸ்மேன்களை மறந்துவிடாதீர்கள்! ஐந்தரை அடி ஆள் 1:87-ல் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெல்லிய செம்புக் கம்பியில் எலும்பு, அதன்மேல் எம்-சீல். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, தலையைப் பாதைப் பக்கம் திருப்பி வையுங்கள். நேராக நின்றால் பொம்மை, சாய்ந்து நின்றால் வேலை செய்கிறவர். கொடிக்கு மிட்டாய்த் தாள்.

ஏழு_பத்து_வண்டி

*(ஐந்து வாரம் கழித்து)*

ஓடிடுச்சுங்க!

நேத்து ராத்திரி 9 மணிக்கு முதல் முழு ஓட்டம். மோட்டார் முன்பெட்டியில, எஞ்சின் சும்மா உருளுது. நீலமும் கிரீமும் அடிச்ச மூணு பெட்டி, மூணு பிரேக்ஸ்மேன். கீழ்ப்பக்கப் பாறையில இருந்து முதல்ல வெளியில வர்றது கொடி பிடிச்ச அந்த ஆள்தான். அவருக்குப் பின்னாடி பெட்டி, பெட்டி, பெட்டி, கடைசியில எஞ்சின். நிறுத்தாம ஒரு ஓட்டம் விட்டுக் கடிகாரத்துல பார்த்தேன், இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு 61 வினாடி.

அப்பாவுக்கு 78 வயசு, முட்டி வலி, மாடி ஏர்றதே இல்லை. நேத்து மெதுவா ஏறி வந்து நாற்காலியில உட்கார்ந்தாரு. ரெண்டாவது ஓட்டம். வண்டி ஹில்குரோவுல நின்னது. நான் உடனே கிளப்பப் போனேன். "இருப்பா, இன்னும் தண்ணி பிடிச்சு முடிக்கலை"ன்னாரு. கையை எடுத்துட்டேன். ரெண்டு பேரும் பேசாம வண்டியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் அவரே "இப்ப விடு"ன்னாரு.

இன்னிக்குக் காலையில கேட்கறாரு, இதே ஸ்டேஷன்ல கீழே இறங்கற வண்டி வந்து காத்திருக்குமே, அது எப்பன்னு. ஸ்டேஷன்ல ரெண்டாவது தடம் போட்டிருக்கேன், ஆனா பெட்டி இல்லை. அடுத்த மூணு பெட்டிக்கு அட்டை வெட்டத் தொடங்கிட்டேன். படங்கள் கீழே.

பெரம்பூர்_பிராட்கேஜ்

ஆறு படத்தையும் மூணு தடவை பார்த்தேன். பாறையில அந்த ஈரம் நிஜமாவே தண்ணி மாதிரி இருக்கு. அடுத்த மாசம் கோவைக்கு வர்றேன், ஒரு ஓட்டம் பார்க்கணும். ரெண்டாவது வண்டிக்கு மோட்டார் நான் கொண்டு வர்றேன், நீங்க வாங்காதீங்க.

ஆல்ப்ஸ்_கோச்சி

கிளப்பிலை எல்லாருக்கும் காட்டினன். வின்டர்தூரிலை பிறந்த ஒரு வயசான ஐயா எஞ்சினைக் கண்டவுடனை தன்ரை ஊர் எஞ்சின் எண்டு சொல்லி, சிலிண்டரை எண்ணிப் பாத்தார். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டாச் சரியா இருக்காம். அப்பாவுக்கு என்ரை வணக்கத்தைச் சொல்லுங்கோ.

பொன்மலை_ஃபிட்டர்

தம்பி, நன்றாக வந்திருக்கிறது. மனசு நிறைந்தது. நான்காவது படத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் முதல் பெட்டிக்காரர் கையில் பச்சைக் கொடி விரிந்திருக்கிறது. நிற்கும்போது பச்சை காட்டக் கூடாது. ஓடுகிற வண்டிக்கு ஒரு ஆள், நிற்கிற வண்டிக்கு ஒரு ஆள் என்று இரண்டு உருவம் செய்து, மாற்றி வைக்க ஒரு சின்ன ஊசி வையுங்கள்.

ஏழு_பத்து_வண்டி

சரிங்க ஐயா. எம்-சீல் கொஞ்சம் மிச்சம் இருக்கு, இன்னிக்கு ராத்திரியே கொடியைச் சுருட்டிப் பிடிச்ச ஆளைச் செஞ்சுடறேன்.